வகுப்புக்குப் போகாமல் வக்கீல் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 39, பி.காம். முடித்துவிட்டு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வக்கீல் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், வருகைப்பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் ஒரு ஏஜென்ட். சேரலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சேராதீர்கள்.

ஆசையில் ஒரு தப்பும் இல்லை, வயதும் பிரச்சினை இல்லை. மூன்றாண்டு சட்டப் படிப்பில் உங்களைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். ஆனால் வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். நீங்களோ ஒரே நாளில் கம்பெனிப் பதிவேட்டிலும் இருப்பீர்கள், கல்லூரிப் பதிவேட்டிலும் இருப்பீர்கள். பொய்த் தகவல் தந்து பதிவு செய்தது தெரிந்தால், எத்தனை வருடம் கழித்தும் வக்கீல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

சரி, மாட்டவே மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையில் கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீதுகள் எல்லாம் வருட வாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி இருந்தது. நிலத்தின்மேல் யாரோ வழக்குப் போட, இவர் ஒரு வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்திருக்கிறார். சம்மன் கிடைத்து 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், கோர்ட் மனது வைத்தால் 90 நாள் வரை. அந்த வக்கீல் வாய்தா வாய்தா என்று இழுத்து, கடைசிவரை தாக்கல் செய்யவே இல்லை. எக்ஸ்பார்ட்டியாக, அதாவது இவர் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பு ஆகிவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் உண்டு, அதையும் இவரிடம் யாரும் சொல்லவில்லை. பையில் இருந்த ஒரு காகிதம்கூட நீதிபதி கண்ணில் படவில்லை. நீங்கள் போகாமல் விடப்போகிற சிவில் நடைமுறைச் சட்ட வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான்.

படித்து முடித்தால், வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது, 100 கேள்விகள், குறிப்பெழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம், அதைத் தாண்டிவிடலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் ஒருவரை நிறுத்தி அடுத்த கேள்வி என்ன கேட்பது என்று அந்தத் தேர்வு சொல்லித் தராது. போதாக்குறைக்கு 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் என்பதால், இப்போது வருகிறவர்கள் இரண்டையும் படித்தாக வேண்டும்.

அப்புறம், முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது. ஆக, வேலையை என்றைக்காவது விடத்தான் போகிறீர்கள். தொடக்கத்தில் சில வருடம் சீனியரிடம் ஜூனியராக வழக்குக் கட்டு தூக்க வேண்டும், வருமானம் குறைவு. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது, ஆனால் எல்லா சீனியரும் தந்துவிடுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதுதான், வருகைப்பதிவு இல்லை.

முதலில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு பக்கத்தில் இருக்கிற முன்சீப் கோர்ட்டில் காலை பத்தரைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், அது திறந்த நீதிமன்றம். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் கட்டைப் புரட்டி முடிக்காமல் எழுந்து நிற்கிற ஜூனியரையும், அவர் பின்னால் ஒன்றும் புரியாமல் நிற்கிற கட்சிக்காரரையும் பாருங்கள். சாயங்காலம் வரை ஆசை அப்படியே இருந்தால், ஏஜென்டுக்கு எடுத்து வைத்த பணத்தை ஒழுங்கான கல்லூரியின் முதல் வருடக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.