அனுபவமுள்ள பராமரிப்பாளர் கிடைத்த பிறகு இடம் பாருங்கள்

வணக்கம் அம்மா. மகள் ஆரம்பக் குழந்தைக் கல்வியில் டிப்ளோமா முடித்துவிட்டு பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் சொந்தமாகத் தாஸ்கா, அதாவது சிறு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு மையம், திறக்க நினைக்கிறார், சேமிப்பை எடுத்துக் கொடுக்கலாமா என்று தூக்கம் வரவில்லை என எழுதியிருந்தீர்கள். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மகள் போட்டு அனுப்பிய கணக்கையும் பார்த்தேன். வாடகை, வர்ணம், கட்டில், விளையாட்டுச் சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் விலை விசாரித்திருக்கிறார். பணியாளர் என்ற இடத்தில் மட்டும் 'ஐந்து பேர், அனுபவம் இருந்தால் நல்லது' என்று ஒரே வரி. நான் பேச வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிவு செய்யப்பட வேண்டும். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதை 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் என்றால் மூன்று பேருக்கு ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர். மகள் எழுதியபடி 6 கைக்குழந்தைகள், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 10 பிள்ளைகள், மூன்று வயது தாண்டிய 10 பிள்ளைகள் என்றால் இரண்டும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து ஐந்து. கணக்கு சரிதான்.

ஆனால் அந்த ஐந்து பேரும் காலை 7 மணியிலிருந்து மாலை 6.30 வரை இருக்க முடியாது. அங்கே பெற்றோர்களில் பலர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் பாலம் தாண்டி வருகிறவர்களும் உண்டு, நெரிசலில் மாட்டினால் பிள்ளையை எடுக்கத் தாமதமாகும். நாளுக்கு பதினொன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 57 மணி நேரத்தைத் தாண்டுகிறது. 2023 ஜனவரியிலிருந்து ஒரு தொழிலாளியின் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. அதிகாலையிலும் மாலையிலும் பிள்ளைகள் குறைவு என்று கழித்துப் பார்த்தாலும் ஆறு பேருக்குக் குறையாமல் தேவைப்படும். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? தீபாவளி விடுமுறைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால்? தமிழர்களோடு ஒன்றிரண்டு மலாய்க்கார அக்காக்களும் இருந்தால் ஹரி ராயாவுக்கும் தீபாவளிக்கும் ஒருவர் இடத்தை மற்றவர் நிரப்புவார்கள். பிள்ளைகளுக்கும் மொழி பழகும்.

சம்பளத்துக்கு வருவோம். இப்போது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்புக்கு, 13 விழுக்காடு, 221 ரிங்கிட். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைச் சேர்க்காமலேயே 1,921. கைக்குழந்தை அறையில் ஒருவர் மூன்று பேரைத்தான் பார்க்கலாம் என்பதால், ஒரு குழந்தைக்கு 640 ரிங்கிட் பராமரிப்பாளரின் செலவாக மட்டுமே போய்விடுகிறது. வாடகை, மின்சாரம், சாப்பாடு எதுவும் இன்னும் சேரவில்லை. அனுபவமுள்ளவர் 1,700க்கு வரவும் மாட்டார், வரச் சொல்வது முறையும் இல்லை. அதனால் முதல் ஆறு மாதம் கைக்குழந்தைகளை மூன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது அனுபவசாலி வந்து நிலைத்த பிறகு கூட்டலாம். இதில் மட்டும் மகள் அவசரப்படவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்படியென்றால் யார் அனுபவசாலி? 'பத்து வருடம் தாஸ்காவில் இருந்தேன்' என்பது போதாது. எந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தார் என்று கேட்க வேண்டும். பாலர் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அருமையாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு, பால் குடித்த நான்கு மாதக் குழந்தையை ஏப்பம் விடவைத்து மல்லாக்கப் படுக்கவைக்கும் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை அறைக்குக் கைக்குழந்தை பார்த்தவர்தான் வேண்டும். பால் புரையேறிக் குழந்தை நீலம் பாய்ந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் செலவில்லாமல் விளம்பரம் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் நல்ல ஆட்கள் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் கிடைப்பார்கள். தன் பிள்ளை பிறந்ததால் தாஸ்கா வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு அரைநாள் வேலையாவது கிடைக்குமா என்று பார்ப்பார்கள். காலை 7 முதல் 12 வரை அப்படி ஒருவர் கிடைத்தால் உங்கள் நேரச் சிக்கலில் பாதி தீர்ந்தது. ஓய்வுபெற்ற தாதியர் இருக்கிறார்கள். வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வளர்த்துவிட்ட அம்மாமார் ஜெலுத்தோங்கிலும் புக்கிட் மெர்தாஜமிலும் இன்றும் உண்டு. அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டங்களில் அம்மா பால்மரம் வெட்டப் போனால் பிள்ளை ஆயாக் கொட்டகையில்தான் வளர்ந்தது. நம்மில் பலருடைய பெற்றோர் அப்படி வளர்ந்தவர்கள். அந்தக் கைப்பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். சான்றிதழ் இல்லை என்று அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஜேகேஎம் அங்கீகரித்த பராமரிப்புப் பயிற்சிக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள், தாஸ்காவில் வேலை செய்ய அது தேவை. பல வருட அனுபவம் உள்ளவர்கள், திறன் மேம்பாட்டுத் துறையின் முன்அனுபவ அங்கீகாரம் வழியாக, வகுப்பில் உட்காராமலேயே எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்கும் முதலாளியிடம் ஆட்கள் தங்குவார்கள்.

வேறொரு தாஸ்காவில் இருப்பவரை அழைப்பதாக இருந்தால் நேர்மையாகச் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் சட்டப்படி முன்னறிவிப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஐந்து வருடம் தாண்டியவருக்கு 8 வாரம். நாளைக்கே வருகிறேன் என்று பழைய இடத்தை அம்போ என்று விட்டுவிட்டு வருகிறவர் உங்கள் மகளையும் ஒருநாள் அப்படித்தான் விடுவார். 'அங்கிருக்கும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்று சொன்னால் இன்னும் யோசியுங்கள்.

நேர்காணலில் படிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் போதும். மிச்ச நேரத்துக்குச் சம்பவங்களைக் கொடுத்துக் கேட்கட்டும். இரண்டு வயதுப் பையன் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டான், மாலையில் இரண்டு அம்மாக்களிடமும் என்ன சொல்வீர்கள்? காலையில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சின்னக் கொப்புளம் தெரிகிறது, என்ன செய்வீர்கள்? கை, கால், வாய்ப்புண் நோயைப் பார்த்துப் பழகியவர் உடனே வாய்க்குள் பார்ப்பேன், தனியாக வைப்பேன், அம்மாவைக் கூப்பிடுவேன் என்று சொல்வார். 'என்னிடம் எந்தப் பிள்ளையும் அழவே அழாது' என்பவரை நான் நம்பமாட்டேன். பிறகு ஒருநாள் சம்பளம் கொடுத்து, மகள் பக்கத்தில் இருக்க, பிள்ளைகளோடு விட்டுப் பாருங்கள். பதிவு முடியாத நிலையில், தெரிந்த தாஸ்காவில் அனுமதி கேட்டுச் செய்யலாம். பம்பர்ஸ் மாற்றிய பிறகு யாரும் சொல்லாமல் கை கழுவுகிறாரா, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா, கைப்பேசியை எங்கே வைக்கிறார் என்பதைக் கவனித்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

பழைய முதலாளிக்கு மகளே போன் செய்யட்டும். 'திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா?' என்ற ஒரு கேள்வி போதும். பதில் வர எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அப்புறம், தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காமல் செய்ய வேண்டிய ஒன்று: குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஜேகேஎம்மிடம் இருக்கிறது. வேலைக்கு எடுக்குமுன் அதில் சரிபார்க்கக் கேட்கலாம். சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் இதில் அடக்கம். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் பராமரிப்பாளர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடட்டும்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி, 'இருபத்து நாலு வயதுப் பெண் சொன்னால் ஐம்பது வயதுக்காரர் கேட்பாரா?' கேட்பார், யார் எதை முடிவு செய்வது என்பது எழுத்தில் இருந்தால். கைக்குழந்தை அறையின் அன்றாட ஒழுங்கு அந்த அக்காவின் பொறுப்பு. மருந்து கொடுப்பது, பெற்றோரிடம் பேசுவது, யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது என்பதெல்லாம் மகளின் முடிவு. அக்கா என்று கூப்பிட்டு மரியாதையாகப் பேசலாம், ஆனால் தப்பு நடந்த இடத்தில் வாய்மூடி இருக்கக் கூடாது. இது மகளுக்குச் சிரமமாகத் தெரிந்தால், முதலில் ஒரு நல்ல தாஸ்காவில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு வரட்டும். அங்கேயே தன் முதல் அனுபவசாலியையும் அவர் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியில்தான் வர்ணமும் விளையாட்டுச் சாமானும். அது எட்டாவிட்டால் பத்துக்கும் குறைவான பிள்ளைகளோடு வீட்டிலேயே நடத்தும் தாஸ்காவாகப் பதிவு செய்து தொடங்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கைக்குழந்தை அறைக்கான ஆள் 'வருகிறேன்' என்று உறுதி கொடுத்து, அவருடைய முன்னறிவிப்புக் காலம் எப்போது முடியும் என்று தெரிந்த பிறகு போடுங்கள்.