பொருந்தாத அலாய் வீலும் கையை விரிக்கும் கடைக்காரரும்

கேள்வி: என் கார் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கம்பெனி கொடுத்த 15 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கோவையில் ஒரு கடையில் ரூ.58,000 கொடுத்து 17 அங்குல அலாய் வீல்களும் டயர்களும் மாட்டினேன். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. 12-ஆம் நாள் கடைக்குப் போனேன். "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்கிறார். கையில் இருப்பது ஓர் எஸ்டிமேட் சீட்டும், "உங்கள் வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான். வாரன்ட்டி போய்விட்டது என்கிறது சர்வீஸ் சென்டர். பழைய சக்கரங்கள் மொட்டை மாடியில் கிடக்கின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் மாடிக்குப் போய்ப் பழைய சக்கரங்களை இறக்கி வையுங்கள்; கீழே சொல்லும் பேலன்ஸிங் சோதனை முடிந்ததும் அவற்றையே மாட்டுங்கள். புதியவற்றைக் கீறாமல், விற்காமல் அப்படியே வையுங்கள். மட்கார்டின் உள்விளிம்பை மடக்கிவிட்டால் உரசாது என்று யாராவது மெக்கானிக் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். உங்கள் சாட்சியத்தை நீங்களே சுத்தியலால் அடித்த கதையாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தில், புதிய சக்கரத்தின் உட்புறம் 7ஜே × 17, ஈடி 35, மையத் துளை 73.1 என்று பொறித்திருக்கிறது. 7ஜே என்பது ரிம்மின் அகலம், ஏழு அங்குலம். ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரோடு சேரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு; அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பழையது 6ஜே, ஈடி 45. உங்கள் காரின் ஹப், அதாவது சக்கரத்தின் மையத் துளை உட்காரும் குமிழ், 54.1 மி.மீ. நான்கு நட் துளைகளின் வட்டம் இரண்டிலும் 100 மி.மீ.தான், அதனால்தான் சக்கரம் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டதையே பொருந்தியதாகக் கடைக்காரர் கணக்கு வைத்துவிட்டார். ரிம் ஒரு அங்குலம் அகலமானதில் பாதி 12.7 மி.மீ., ஈடி குறைந்ததில் 10 மி.மீ., ஆக 22.7 மி.மீ. வெளியே துருத்துகிறது, உரசாமல் என்ன செய்யும்? 54.1 ஹப்பில் 73.1 துளையை மாட்டினால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும். உங்களுக்கு அது போடப்படவில்லை. ஆனால் உதறலுக்கு பேலன்ஸிங் கோளாறும், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததும், காரணமாகலாம். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் சொல்லும். எனவே பழைய சக்கரங்களை மாட்டும் முன், வேறு கடையில் பேலன்ஸிங் பார்த்து, அதன் பில்லோடு ஒரு மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கையும் வாங்கிவிடுங்கள்.

இனி சட்டம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16(1): எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருந்தே ஆக வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காரின் மாடலைச் சொல்லிக் கேட்டீர்கள், "கச்சிதமாகப் பொருந்தும்" என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் செய்தி லட்சம் பெறும். அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற வாதமும் நிற்காது. பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத்தான் அது பொருந்தும். ஓர் ஆசிரியரோ வியாபாரியோ வெர்னியர் அளவியோடு கடைக்குப் போவார் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எதிர்பார்க்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47)-இன்படி, பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. நீங்கள் போனது 12-ஆம் நாள்.

உங்களுக்குக் கசக்கும் பகுதி ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. பிரிவு 182ஏ(4)-இன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவுச் சான்றில் சக்கர அளவே இல்லையே என்று வாதிடலாம்தான். நான் அதை நம்பிச் சாலையில் இறங்கமாட்டேன். அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுக்கு மாறுவது பாதுகாப்பான வழி. நீங்கள் போட்ட 205/50 ஆர்17 டயரின் விட்டம், பழைய 185/65 ஆர்15-ஐவிட 15 மி.மீ. கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-ஐத் தாண்டி ஓடும்.

வாரன்ட்டி முழுதும் போய்விட்டது என்பதை அப்படியே ஏற்காதீர்கள். சக்கரத்தால் வந்த பழுதுக்கு மறுக்கலாம், ஏ.சி.க்கும் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு? வெளி கேரேஜில் வேலை பார்த்ததற்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் போயிருந்தாலும் உங்கள் வாதத்துக்கு அது கைகொடுக்கும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, பழைய சக்கரத்துக்குத் திரும்பிவிட்டால் பெரிய சிக்கல் இல்லை.

கடைக்கு 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ரூ.58,000, பேலன்ஸிங் செலவு, சக்கரங்களை அவரே எடுத்துப் போவது, இவ்வளவு கேட்டால் போதும். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேள் என்று நண்பர்கள் தூண்டுவார்கள்; நியாயமான தொகை கேட்பவரைத்தான் ஆணையம் நம்பும். பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் எல்லைக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை முதல் ஆவணமாகவும், 73.1 என்ற பொறிப்பு தெளிவாகத் தெரியும் அந்தப் படத்தை இரண்டாவதாகவும் இணையுங்கள்.