மிஷிகனில் மிஞ்சிய வெள்ளைப் பைன்கள் புயலில் ஏன் கூட்டங்கூட்டமாக விழுந்தன?

கோடாலிக்குத் தப்பிய மரங்கள் காற்றுக்கு ஏன் பலியாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மிஷிகனில் உள்ள ஹார்ட்விக் பைன்ஸ் என்ற பைன் காட்டுப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1927-இல் அது மாநிலத்துக்குத் தானமாக வந்தபோது வெட்டுப்படாத பழைய காடு 85 ஏக்கர் இருந்தது. 1940 நவம்பர் 11 புயலுக்குப் பிறகு மிஞ்சியது 49 ஏக்கர்தான்.

முக்கியக் காரணம் உயரம். வெள்ளைப் பைன் மற்ற மரங்களைத் தாண்டி 150 அடி வரை போகும். முழுக் காற்றும் அதன் தலையில்தான் மோதும். அதுவும் நவம்பரில் மேப்பிள், பீச் எல்லாம் இலை உதிர்த்து நிற்கும், பைன் மட்டும் ஊசியிலைகளோடு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். அப்புறம், சுற்றிலும் இருந்த காட்டை வெட்டித் தள்ளிவிட்டார்கள். கூட்டமாக வளர்ந்த மரம் திடீரென்று ஓரத்து மரமாகிவிட்டால் தாங்காது. என்னைக் கேட்டால், பாதிப் பழி புயலுக்கு, மீதி மனிதனுக்கு.

சரி, திரும்ப வளராதா? வளரும், ஆனால் பைன் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். நிழலைத் தாங்கும் பீச், மேப்பிள், ஹெம்லாக் கன்றுகள் ஏற்கெனவே கீழே காத்திருப்பதால், விழுந்த பைனின் இடத்தைப் பெரும்பாலும் அவைதான் பிடிக்கின்றன.