வாரணாசியில் முனையம் இருந்தும் சரக்கு ஏன் லாரியிலேயே போகிறது?

வாரணாசியில் கங்கைக் கரையில் கப்பல் சரக்கு முனையம் கட்டிய பிறகும் லாரிகள் ஏன் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சிக்கல் ஆற்றின் ஆழம்.

மேற்கு வங்கத்தின் ஹால்தியா துறைமுகம் முதல் பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளும் கப்பல் பாதையான தேசிய நீர்வழி-1, 1986-லேயே அறிவிக்கப்பட்டது. வாரணாசி முனையம் திறந்தது 2018 நவம்பரில். ஆனால் கங்கை வண்டல் சுமக்கும் ஆறு. மழைக்காலத்தில் கரைபுரளும், கோடையில் மணல்திட்டு தலைகாட்டும். இன்று தூர்வாரிய கப்பல் தடம் அடுத்த வெள்ளத்தில் தூர்ந்துபோகும். ஆழம் குறைந்தால் கப்பல் பாதிச் சுமையோடுதான் போக முடியும், லாபமும் குறையும்.

இதற்கு அங்கே பழைய வழி ஒன்று உண்டு, பெயர் 'பண்டால்'. ஆற்றில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு, தட்டி கட்டி, நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துவார்கள். தண்ணீர் தடத்தின் பக்கம் திரும்பி, அங்குள்ள மணலைத் தானே அரித்துக்கொண்டு போகும். தட்டிக்குப் பின்னால் வண்டல் படியும். எவ்வளவு அருமையான யோசனை! தூர்வாரும் இயந்திரத்துக்கு இணையாக இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று, லாரி கிடங்கு வாசலுக்கே போகும். கப்பல் சரக்கை இறக்கி மறுபடி வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த இரட்டைக் கூலியை ஈடுகட்ட, முனையத்துக்குள் ரயில் பாதையும் திரும்பும் கப்பலுக்குச் சரக்கும் வேண்டும்.