இ.எஃப். 62 வந்துவிட்டால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 54, காசிமேட்டில் மீன் கூடை ஏற்றி இறக்கும் வேலை. பல வருஷமாக பிரஷர் இருக்கிறது, மாத்திரையை நினைத்தால் போடுவார். இப்போது எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர், இ.எஃப். (ஒரு துடிப்பில் அந்த அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 62 சதவீதம், கடைசி வரியில் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று வந்திருக்கிறது. "அதான் இ.எஃப். நார்மலாச்சே, மூட்டை தூக்குறவன் தோள் மாதிரி இதயமும் முறுக்கேறி இருக்கு, இனிமே எதுக்கு மாத்திரை?" என்கிறாராம் அப்பா.

நிறுத்தவே கூடாதும்மா. ஆனால் தோள் கதையில் பாதி உண்மை இருப்பதால்தான் அவரை மறுத்துப் பேச உங்களுக்கு வாய் வரவில்லை.

இடது கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிறது. வெளியே ரத்தக் குழாயில் அழுத்தம் கூடினால் அதை மீறித் தள்ள வேண்டும், அதனால் தசை நார்கள் பருத்து சுவர் தடிக்கிறது. ஆண்களுக்கு 10 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், அப்பாவுக்கு 13. தோளுக்கு வேலை முடிந்தால் ஓய்வு உண்டு, பிரஷரைத் தள்ளும் இதயத்துக்கு ராத்திரியிலும் கிடையாது. அதோடு, தடித்த தசைக்கு ஈடாக நுண்ணிய ரத்தக் குழாய்கள் வளர்வதில்லை, நார்களுக்கு நடுவே கொலாஜன் என்ற விறைப்பான புரதம் சேர்ந்து சுவர் விறைக்கிறது. ஓட்டப் பந்தயக்காரர்களுக்கும் இதயம் தடிக்கும்தான், ஆனால் அவர்களுக்கு அறையும் சேர்ந்து விரியும், நன்றாகத் தளரவும் செய்யும்.

இந்தத் தளர்வதில்தான் விஷயமே இருக்கிறது. அறையில் இருந்த ரத்தத்தில் எவ்வளவு வெளியே போனது என்பதை மட்டும்தான் இ.எஃப். சொல்லும், அதாவது சுருங்கும் வேலை. விறைத்த சுவர் சுருங்கிவிடும், அடுத்த துடிப்புக்கு ரத்தத்தை உள்ளே வாங்கத்தான் திணறும். ரிப்போர்ட்டின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது. கிரேடு 1 ஆரம்ப நிலைதான், அந்த வயதில் பிரஷர் இல்லாதவர்கள் சிலருக்கும் வரும், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். 13 மில்லிமீட்டரோடு சேர்ந்து வந்திருப்பதால்தான் சொல்கிறேன். இப்படியே விட்டால் மேலறையில் அழுத்தம் ஏறி அது வீங்கும், துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தக் கட்டி போகலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். இ.எஃப். நன்றாக இருக்கும்போதே ஹார்ட் ஃபெயிலியர் வருவது இந்த வழியில்தான். இன்னும் வருஷம் போனால் சிலருக்குச் சுவரே வலுவிழந்து இ.எஃப்.பும் இறங்கலாம்.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் நிற்கிறாரா, படுக்க இரண்டு தலையணை கேட்கிறாரா? 'வயசாச்சு' என்று அவர் ஒதுக்குவது இதுவாக இருக்கலாம். இசிஜி நார்மல் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள், தடிப்பைப் பல நேரம் அது தவறவிடும்.

நல்ல செய்தி, இந்தத் தடிப்பு குறையும். பிரஷரை விடாமல் கட்டுக்குள் வைத்தால் சில மாதங்களில் குறைய ஆரம்பிக்கும். லோசார்டான், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் இதற்கு நன்றாக வேலை செய்யும், எது என்பதை சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பொதுவாக பிரஷர் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரை வாங்க அலைய முடியாதென்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. காசிமேட்டுக்காரரிடம் கருவாட்டை விடச் சொல்வது எனக்கே கஷ்டம்தான், மாதம் ஒரு நாள் என்று பேரம் பேசிப் பாருங்கள். அப்புறம், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சுமை தூக்கும் தொழிலில் இதைப் போடாதவர் குறைவு, அவர் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.