துக்க வீட்டுக் கேள்விகள்: மரணமும் கிறிஸ்தவ நம்பிக்கையும் – கேள்வி பதில்

பினாங்கில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தமிழ்ச் சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் சந்திப்பது என் பொறுப்பு. நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. படுக்கையருகே உட்கார்ந்து கற்றதையும் வேதத்தில் வாசித்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

பட்டர்வொர்த், சகோதரி: அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. கல்லறையில் நான் கதறி அழுதபோது சபையார் ஒருவர், "நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதே என்று பவுல் சொல்லியிருக்கிறார்" என்றார். அன்றிலிருந்து சபையில் அழக் கூச்சமாக இருக்கிறது. அழுவது அவிசுவாசமா அக்கா?

இல்லை, தங்கச்சி. அந்த வசனத்தைப் பாதியில் வெட்டி உங்கள்மேல் போட்டுவிட்டார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ முழுதாக வாசியுங்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை.

யோவான் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாசரு இறந்து நான்கு நாள். மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாளுக்கு இயேசு வார்த்தையால் பதில் தருகிறார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." மரியாளிடம் அந்தப் போதனையைத் திருப்பிச் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார், கண்ணீர் விட்டார். இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அழுதார். எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவருக்கே அழுகை வந்தது என்றால், உங்கள் அழுகையை யார் குறை சொல்ல முடியும்?

யோசேப்பு தகப்பனுக்காக ஏழு நாள் துக்கம் கொண்டாடினான். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம் செய்தவர்கள் "தேவபக்தியுள்ள மனுஷர்" என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றும் அதே வசனம் சொல்கிறது. 1 கொரிந்தியர் 15-ல் பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வீட்டுக்குள் புகுந்து அம்மாவைக் கொண்டுபோனால் சிரித்துக்கொண்டா இருப்போம்? அந்தச் சத்துரு தோற்கப் போகிறவன் என்பதுதான் நம் நம்பிக்கை. அழுதுகொண்டே அதை நம்பலாம். சபையிலேயே அழுங்கள்.

ஆயர் ஈத்தாம், மகன்: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்திருக்கிறோம். இரண்டு நாளாகப் பேச்சில்லை. அவர் அருகில் என்ன வாசிப்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் உடம்பு. வாய் உலர்ந்திருக்கும். சிறிய பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உதட்டில் வெடிப்பு இருந்தால் எண்ணெய்ப் பசையுள்ள ஏதாவது தடவலாம். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். சளியை விழுங்கும் வலு அவருக்கு இல்லை, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் குறையும். மூச்சு சற்று நின்று மறுபடி வரும். அது உங்களைத்தான் அதிகம் பயமுறுத்தும், அவரை அல்ல.

அடுத்தது வார்த்தை. பதில் வராவிட்டாலும் காது கேட்கக்கூடும். கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். சொத்துப் பேச்சையும் அடக்கச் செலவையும் அந்த அறைக்கு வெளியே வையுங்கள். அவர் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது பழைய மொழிபெயர்ப்புத்தான், அதிலேயே வாசியுங்கள். 23-ஆம் சங்கீதத்தை மெதுவாக, காதருகே. "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். எத்தனையோ முறை, பேச்சே இல்லாத நோயாளியின் உதடு அந்த இடத்தில் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடலாம். பத்துப் பேர் சூழ்ந்து நின்று உரத்த சத்தமாக ஜெபிக்க வேண்டாம். அப்பாவிடம் ஏதாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஷா ஆலாம்: மார்ஃபின் கொடுப்பது விசுவாசக் குறைவு என்கிறார்கள். சீக்கிரம் கொன்றுவிடுமாமே?

வலியால் துடிக்க விடுவதில் எந்த விசுவாசமும் இல்லை. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் வலியும் மூச்சுத்திணறலும் தணியும், அது கொலை அல்ல. அளவு பற்றிய சந்தேகத்தை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல், குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு இருக்கிறது. வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை. அவர்களைக் கேளுங்கள்.

கிள்ளான், வாலிபர்: இறந்தவர் உடனே பரலோகம் போகிறாரா, கடைசி நாள்வரை உறங்குகிறாரா?

சிலுவையில் கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் ஆண்டவர். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்க ஆசைப்படுவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். ஆகவே நம்மவர்கள் இப்போதே அவரோடு இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் நம் சபைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம். "ஆத்துமா போய்விட்டது, உடம்பு வெறும் கூடு" என்று அடக்க ஆராதனையில் சொல்கிறார்கள். விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் சொல்வது "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றல்லவா? உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஆணிக் காயமுள்ள கைகளைக் காட்டினார், மீன் சாப்பிட்டார். பிள்ளைகளைத் தூக்கிய கை, ரப்பர் மரம் சீவிக் காய்த்துப்போன கை, அதை வெறும் கூடு என்று நான் சொல்லமாட்டேன். இறந்தவர்களின் உடலைக் கழுவித் துடைத்தவள் நான். அந்த வேலையை மரியாதையோடு செய்ய வைத்தது இந்த ஒரு வரிதான்.

ஜெலுத்தோங்: கிறிஸ்தவர்கள் தகனம் செய்யலாமா?

செய்யலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் வத்திக்கான் மறுபடி தெளிவுபடுத்தியது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளும் தடுப்பதில்லை. மண்ணில் மக்கியவரை எழுப்புகிறவருக்குச் சாம்பல் ஒரு தடையல்ல.

சிரம்பான்: எரித்தால் உயிர்த்தெழுதல் உண்டா?

உண்டு. மேலே பாருங்கள்.

செந்தூல், மூத்த மகன்: அப்பா இந்து, படுத்த படுக்கையாக இருக்கிறார். குடும்பத்தில் ஞானஸ்நானம் பெற்றவன் நான் ஒருவன்தான். கொள்ளி வைக்க வேண்டியவனும் நானே. போதகர் கூடவே கூடாது என்கிறார். சித்தப்பாமார் "பெற்ற கடனைத் தீர்க்காதவன்" என்கிறார்கள். என்ன செய்வேன்?

தம்பி, அப்பா உயிரோடிருக்கும்போதே இதைக் கேட்டது நல்லது. நல்லுடலை வாசலில் வைத்துக்கொண்டு இதைப் பேசத் தொடங்கினால் அந்தக் காயம் ஆறாது. முதலில் அப்பாவிடமே பேசுங்கள். "சடங்கைத் தம்பி செய்யட்டும், மற்ற எல்லாவற்றையும் நான் செய்கிறேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். பிறகு சித்தப்பாமாரிடம், அவர்கள் வீடு தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

மந்திரம் சொல்லிப் படையல் வைக்கும் பகுதியை நான் செய்யமாட்டேன். ஆனால் குளிப்பாட்டலாம், வேட்டி கட்டிவிடலாம், செலவை ஏற்கலாம், பெட்டியைத் தோளில் சுமக்கலாம், மின்சுடலையில் கடைசிவரை நிற்கலாம். எங்கோ ஓரத்தில் சட்டைப்பையில் கைவிட்டு நிற்கும் மகனாக மட்டும் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு அங்கே பிரசங்கமும் வேண்டாம்.

ஈப்போ, சகோதரர்: இது சமரசம். "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்று ஆண்டவரே சொன்னார். அந்த வீட்டுக்கே போகக்கூடாது.

சீஷனாவதைத் தள்ளிப்போட்டவனிடம் சொன்னது அது. அதே ஆண்டவர் மாற்கு 7-ல், கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களைக் கடிந்துகொண்டார். சிலுவையில் தொங்கும்போதும் தாயை யோவானிடம் ஒப்படைத்தார்.

பிரிக்பீல்ட்ஸ், சகோதரி: அப்படியானால் குஷ்டரோகம் நீங்கிக் கர்த்தரை நம்பிய சீரியப் படைத்தலைவன் நாகமான்? தன் ராஜா வணங்கும் ரிம்மோன் என்ற தேவனின் கோவிலில் குனிவதற்கு அவன் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டபோது தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்றாரே. மின்சுடலையில் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்துவது மட்டும் ஏன் பாவம்?

நல்ல கேள்வி. இரண்டு இரவு இதை யோசித்தேன். 2 இராஜாக்கள் 5-ல், கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று நாகமான் முதலில் சொல்லிவிடுகிறான். அதற்கு அடுத்த வசனத்தில்தான், என் ராஜா என் கையின்மேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே என்கிறான். பலியை விட்டுவிட்டான், கைத்தாங்கலை விடவில்லை. என் எல்லைக்கோடும் அங்கேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்துவது படையல் அல்ல என்று ஒருவன் மனச்சாட்சி சொன்னால் நான் அவனோடு சண்டை போடமாட்டேன். அழுதுகொண்டே அழுத்திவிட்டு வந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். எலிசா அவனுக்குச் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. எலிசா சொல்லாத தண்டனையை நான் சொல்வேனா?

ஈப்போ, சகோதரர்: இன்றைக்குப் பொத்தான், நாளைக்குக் கருமாதி. நீங்கள் ஆடுகளைச் சிதறடிக்கிறீர்கள்.

நாளைக்குக் கருமாதி என்று நான் சொல்லவில்லை. தகப்பனைச் சுமக்காத மகனைப் பார்த்து எந்தச் சித்தப்பாவும் கிறிஸ்துவிடம் வரமாட்டார் என்று சொல்கிறேன்.

ராவாங், இந்து உறவினர்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். என் பெரியப்பா மகன் கிறிஸ்தவர். பெரியப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். பெரியப்பா மகனோ தலைமாட்டுப் பக்கம் பெட்டியைச் சுமந்தார், எல்லாரும் போன பிறகும் வெளியே உட்கார்ந்திருந்தார். ஊரில் யாரும் அவரைத் தவறாகப் பேசவில்லை.

நன்றி ஐயா. செந்தூல் தம்பி, இதை உங்கள் சித்தப்பாமாருக்குக் காட்டுங்கள். கொள்ளி பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஈப்போ சகோதரருக்கு மறுப்பு. அவரும் தன் விசுவாசத்துக்காகவே பேசுகிறார். இந்தப் பேச்சை இங்கே நிறுத்துகிறேன்.

தைப்பிங்: நாற்பதாம் நாள் ஜெபம் கட்டாயமா?

வேதத்தில் கட்டாயம் இல்லை. குடும்பம் கூடி நன்றி செலுத்த விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். இறந்தவருக்காக ஜெபிப்பது கத்தோலிக்க வழக்கம். நவம்பர் 2 அதற்கான நாள். 2 மக்கபேயர் 12-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தப் புத்தகம் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை. உங்கள் ஆயரைக் கேளுங்கள்.

பங்சார்: எட்டாம் நாளா, பதினாறாம் நாளா, நாற்பதாம் நாளா?

நாள் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் விடுமுறை கிடைக்கும் நாளில் கூடுங்கள்.

சுங்கை டுவா: முப்பதாம் நாள் வைத்தால் தோஷமா?

இல்லை. இனி நாள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டேன்.

பினாங்கு, தாய்: ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. "கடவுளுக்கு ஒரு பூ தேவைப்பட்டது" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அம்மா, தேவன் உங்கள் பிள்ளையைப் பூப்போலப் பறித்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. குழந்தையை இழந்த தாவீது, "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்றான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். வைக்கவில்லையென்றால் இப்போதும் வைக்கலாம். ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் இருக்கும் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவி 1794-ல் மலேரியாவில் இறந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறையைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அங்கே குழந்தைகளின் கல்லறைகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தாய் தகப்பனும் பிள்ளையின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். உங்கள் முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் வருகிறேன்.

கெப்போங்: தற்கொலை செய்துகொண்டவருக்கு நரகம்தானே?

அந்தத் தீர்ப்பு உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மரணமும் ஜீவனும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8 சொல்கிறது. அப்படி இறந்தவர்களின் இரட்சிப்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று கத்தோலிக்க மறைக்கல்வியும் சொல்கிறது. இதை உங்களுக்காகவே கேட்டிருந்தால் இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: இன்று மாலை ஒரு துக்க வீட்டுக்குப் போகிறேன். என்ன வசனம் சொல்லலாம்?

வசனத்தோடு உள்ளே நுழையாதீர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது பிள்ளைகளை இழந்த யோபு தன் வாயால் சொன்னது, பார்க்க வந்தவர்கள் சொன்னதல்ல. அந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. போய் உட்காருங்கள். இறந்தவரைப் பற்றி அவர்கள் பேசினால் கேளுங்கள், அவர் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். ஜெபிக்கச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். சமையலறையில் பாத்திரம் கிடந்தால் கழுவிவையுங்கள். கூட்டமெல்லாம் கலைந்து ஒரு மாதம் ஆனபின் மறுபடி ஒருமுறை போங்கள். அன்றைக்கு அவர்களே வசனம் கேட்பார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21-ஐ வாசியுங்கள்.