ஊர்க் குழுக்களுக்கு ஒரு இணையதளம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஏரிக் குழு, மகளிர் குழு, வாசகர் வட்டம், குடியிருப்போர் சங்கம் என்று எங்கள் மாவட்டத்துச் சின்னச் சின்னக் குழுக்களுக்காக ஒரு தகவல் தளத்தை 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மனு மாதிரி, கணக்கு நோட்டு மாதிரி, எந்த வேலைக்கு எந்த அலுவலகம், பழைய கூட்டக் குறிப்புகள், இவைதான் அதில் இருக்கும். இதே மாதிரி ஆரம்பிக்க நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததற்கு விரிவாகவும் தெரியாததற்கு வேறு ஆளைக் காட்டியும் எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சியில் 14 மகளிர் குழுக்கள். கூட்டமைப்பு சார்பில் ஒரு வெப்சைட் வைக்க ஆசை. முதலில் என்ன செய்யணும்? (தேனி பக்கம்)

முதலில் டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பேரில் வாங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் அக்கா. வடிவம், நிறம், படம் எல்லாம் அப்புறம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி ஆர்வமாக எல்லாவற்றையும் செய்து கொடுத்தான். டொமைன் அவன் பெயரில், அவன் ஈமெயிலில், அவன் கார்டில். வேலை கிடைத்து வெளிநாடு போனான், நம்பர் மாறியது, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவன் திறக்காத ஈமெயிலுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் ஒரு கிளை நூலகர் போன் செய்து, "நம்ம தளத்தைத் திறந்தா சூதாட்ட விளம்பரமா வருதுங்க" என்றார். கையெல்லாம் சில்லிட்டுப் போனது. டாட் ஆர்க் (.org) மாதிரியான முகவரிகளில் கெடு முடிந்து பெயர் நீக்கப்பட்டாலும், கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு, அதற்குப் பிறகு 5 நாள் காத்திருப்பு, அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் விழித்தபோது எல்லாக் கெடுவும் தாண்டியிருந்தது. நோட்டீஸிலும் சுவரிலும் அச்சடித்து வைத்திருந்த முகவரி கைவிட்டுப் போனது. அந்தத் தம்பி மேல் தப்பே இல்லை. ஒரு மாணவன் தலையில் எல்லாவற்றையும் வைத்த நாங்கள்தான் பொறுப்பு.

இதை உங்கள் பேங்க் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள், ஒரே ஆள் கையெழுத்தில் பணம் எடுக்க விடுவதில்லை. அப்படியிருக்க, பாஸ்வேர்ட் மட்டும் ஏன் ஒரே ஆளிடம்? கூட்டமைப்பின் பெயரில் தனி ஈமெயில் வையுங்கள். ஓடிபி போகும் நம்பரும் கூட்டமைப்பின் சிம்மாக இருக்கட்டும். டொமைன் பெயர், வாங்கிய கம்பெனி, முடியும் தேதி, பாஸ்வேர்ட் தெரிந்த இரண்டு பேர் யார் யார், இந்த நாலையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் (பாஸ்வேர்டை நோட்டில் எழுத வேண்டாம்). பொறுப்பாளர்கள் மாறும் கூட்டத்திலேயே பாஸ்வேர்டும் மாறணும். சாவிக்கொத்தை ஒப்படைப்பது போலத்தான் இது.

எந்த மென்பொருள்?

வேர்ட்பிரஸ் போதும். 2003-இலிருந்து இருக்கிறது, கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்), தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். செய்து கொடுத்தவர் போய்விட்டாலும் அடுத்தவர் எடுத்து நடத்தலாம்.

வாட்ஸ்அப் குரூப்பே இருக்கு. அதுக்கு மேல தனியா ஒரு தளம் எதுக்கு?

கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்ல வாட்ஸ்அப்தான் நல்லது. ஆனால் புதிதாகச் சேருபவருக்குப் போன வருடம் போட்ட மனு மாதிரி கிடைக்காது. போன் தொலைந்தால் அதில் இருந்த ஃபைலும் போச்சு. அடுத்த ஊர்க் குழுவுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இன்னொன்று, யாஹூ குரூப்ஸ் என்ற இலவச ஈமெயில் குழுச் சேவையில் எத்தனையோ குழுக்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அதை மொத்தமாக மூடிவிட்டார்கள். இலவசமாகக் குடியிருக்கும் இடத்தில் வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்பது நம் கையில் இல்லை.

யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது? எங்கள் குழுவில் இதுதான் சண்டை. (குடியிருப்போர் சங்கம், கோவை)

எழுதியவரே வெளியிடக் கூடாது, இந்த ஒரு விதியை முதலில் வையுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றும் வேலை. ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார், முடிந்த நூலுக்கு ஒரு எண் கொடுத்து வெளியிடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு சின்ன வேலை, அதை இரண்டாவது கண் பார்க்கும். தன்னார்வலர்களால் இவ்வளவு காலம் ஓட முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

எங்களிடம் 5 பேர் கொண்ட ஆசிரியர் குழு. இரண்டு வருடப் பொறுப்பு, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மாற மாட்டார்கள், பாதிப் பேர் ஒரு வருடம், மீதிப் பேர் அடுத்த வருடம். தொழில்நுட்பம் பார்ப்பவருக்கு இதில் ஓட்டு இல்லை, அது வேண்டுமென்றே வைத்தது. ஒரு பக்கத்தை நீக்கச் சொல்லி யாராவது கேட்டால் 7 நாளில் எழுத்தில் பதில் போக வேண்டும். நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று நோட்டில் இருக்கும்.

அப்புறம், ஒவ்வொரு பக்கத்திலும் "கடைசியாகச் சரிபார்த்த தேதி" போடுங்கள். கிராம சபை பற்றி எங்கள் பக்கத்தில் நாலு நாள் என்று எழுதியிருந்தோம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் அரசு சேர்த்து ஆறாக்கியது. நாங்கள் திருத்தவில்லை. ஏரி ஆக்கிரமிப்பு பற்றி மனு எழுதி வைத்திருந்த ஒரு அம்மா, எங்கள் பக்கத்தை நம்பி மே 1-க்காகக் காத்திருந்தார். அவர் ஊரில் மார்ச் 22 கூட்டம் முடிந்தே போயிருந்தது. அந்த அம்மா திட்டக்கூட இல்லை, "நீங்க போட்டிருந்தீங்களேப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தேதி இல்லாமல் ஒரு பக்கமும் ஏறுவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு.

என் அண்ணன் மகன் இலவசமா செஞ்சு தர்றேன்னு சொல்றான். சரிதானே?

நல்ல பிள்ளை. டொமைன் யார் பேரில்? தேனி அக்காவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

உறுப்பினர் பட்டியலை போட்டோ, போன் நம்பர், ஆதாரோட ஏத்தலாமா? வெளிப்படையா இருக்கணும்னு சொல்றாங்க.

வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். வெளிப்படை என்பது வரவு செலவுக் கணக்கிலும் தீர்மானங்களிலும் இருக்க வேண்டியது. ஆதாரும் பெண்களின் போன் நம்பரும் பொது இடத்தில் வந்தால் கடன் ஆப்காரர்களும் மோசடிக்காரர்களும்தான் முதலில் வருவார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்திருக்கிறது, ஒப்புதல் என்பது அதில் அடிப்படை, 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் ஒப்புதல். தளத்தில் பொறுப்பின் பெயரும் பொது நம்பர் ஒன்றும் இருந்தால் போதும்.

சங்கத்தைப் பதிவு செய்யணுமா? வெளிநாட்டு நன்கொடை வாங்கலாமா?

தளம் நடத்தப் பதிவு கட்டாயமில்லை. பேங்க் கணக்கு, சங்கத்தின் பேரில் டொமைன் என்று வந்தால் பதிவு உதவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிந்த பிறகு வருடா வருடம் கணக்கு தாக்கல் செய்வதை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிச் சட்டம், ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது.

பத்து வருஷக் கூட்டக் குறிப்புகள் பழைய ஃபான்டில் இருக்கு, அப்படியே பிடிஎஃப்பா ஏத்திடவா?

பாமினி, வானவில் மாதிரி ஃபான்டில் அடித்தது என்றால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். கூகுளில் தேடினால் வராது, காப்பி செய்தால் குப்பையாக வரும். எல்லா இடத்திலும் தமிழாகவே படிக்கப்படும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அசல் ஃபைலை அழிக்காதீர்கள்.

எங்கள் சமுதாயச் சங்கத்தையும் உங்கள் பட்டியலில் சேர்ப்பீர்களா?

நீங்கள் சாதிச் சங்கத்தைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. எங்கள் விதி ஒன்றுதான்: அந்த ஊரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் உறுப்பினராக முடிகிற குழு என்றால் சேர்ப்போம். முடியாது என்றால் இல்லை. யார் வந்து கேட்டாலும் இதே பதில்தான். இப்படி ஒரு விதியை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், பிறகு ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டி வரும்.

தளத்தில் "லோன்", "ஃபாரம்" என்று எழுதுகிறீர்கள். இது தமிழுக்குச் செய்யும் கெடுதல் இல்லையா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, தலைப்பு "வங்கிக் கடன்" என்றுதான் இருக்கிறது. முதல் வரியில் "பேங்க் லோன்" என்றும் எழுதுகிறோம், ஏனென்றால் தேடுகிறவர் அப்படித்தான் தேடுகிறார். முன்பு ஒரு பிரிவுக்கு "வளங்கள்" என்று பெயர் வைத்திருந்தோம். மண் வளம், கனிம வளம் பற்றியது என்று நினைத்து யாரும் தொடவில்லை. "மாதிரி மனுக்கள், நோட்டுகள்" என்று மாற்றிய பிறகுதான் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அதுவும் தமிழ்தானே ஐயா.

(அதே ஆசிரியர்) ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று நிலைப்படுத்துவதுதான் முறை. கண்டபடி எழுதினால் தளம் எதற்கு?

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். எங்கள் வடபக்கம் ஏரி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய். திருநெல்வேலியில் குளம். எதை நிலைப்படுத்துவது? எதை எடுத்தாலும் மற்றவருக்கு அது அடுத்த ஊர்த் தளமாகிவிடும்.

(சிவகங்கை, கண்மாய்ப் பாசனக் குழு) ஏரின்னு போட்டா எங்க ஆளுங்க அது ஏதோ ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறதுன்னு நினைப்பாங்க. கண்மாய்னுதான் போடணும்.

(செங்கல்பட்டு) கண்மாய்னா எங்க பசங்களுக்கு என்னன்னே தெரியாது!

பார்த்தீர்களா ஐயா. இரண்டு பேரும் சொல்வது சரி. இதோடு முடியவும் இல்லை. தண்ணீர் நிரம்பி வெளியேறினால் எங்கள் பக்கம் "ஏரி கோடி போகுது" என்பார்கள், தெற்கே "மறுகால் பாயுது". தண்ணீர் திறக்கும் இடம் ஒரு ஊரில் மதகு, ஒரு ஊரில் மடை, இன்னொரு ஊரில் தூம்பு. இவை அலங்காரச் சொற்கள் இல்லை. "மடை உடைந்திருக்கு" என்று சிவகங்கைக்காரர் தேடும்போது மதகு பழுது மனு மாதிரி அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த மாதிரி எங்களிடம் இருந்தும் இல்லாததுதான்.

(திருநெல்வேலி) மறுகாலும் கலிங்கும் ஒண்ணில்ல. கலிங்கு கட்டுமானம், மறுகால் அதுவழியா போற தண்ணி. ரெண்டையும் ஒண்ணா போட்டுராதீங்க.

அண்ணாச்சி, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நன்றி. மனுவில் "கலிங்கு பழுது" என்று எழுதுவதும் "மறுகால் ஓடை அடைப்பு" என்று எழுதுவதும் வேறு வேறு வேலை, இரண்டையும் கலந்தால் அதிகாரி வந்து வேறு எதையோ பார்த்துவிட்டுப் போவார்.

ஆசிரியர் ஐயா, உங்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன், மறுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், தலைப்பில் ஒரு சொல், அதன் கீழே அந்தந்த ஊர்ச் சொற்கள் வட்டாரப் பெயரோடு. தலைப்புச் சொல்லை நீங்கள் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ளதை ஊர்க்காரர்கள் தரட்டும்.

(தமிழாசிரியர்) தலைப்பில் பிழை இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. செய்கிறேன்.

நாங்க தொகுத்த கையேட்டை வேற ஒரு அமைப்பு அவங்க பேர் போட்டு அச்சடிச்சிட்டாங்க. இனி எல்லாத்தையும் பூட்டிடலாமா?

பூட்டினால் உங்கள் ஊர்ப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். மற்றவர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும் என்ற வகையைப் போடுங்கள். அப்போது எடுப்பவர் உங்கள் பெயரைப் போட்டே ஆக வேண்டும். "வணிகத்துக்குக் கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்க்கும் முன் யோசியுங்கள். அதைச் சேர்த்தால் விக்கிப்பீடியாவில் பயன்படுத்த முடியாது, செராக்ஸ் கடைக்காரர் புத்தகமாகப் போட்டு விற்கவும் தயங்குவார். எங்கள் கையேடுகள் அதிகம் பரவியது செராக்ஸ் கடைகள் வழியாகத்தான்.

இலவசமா வெப்சைட் எங்க கிடைக்கும்?

மூன்றாவது முறை இதே கேள்வி வருகிறது. மேலே யாஹூ குரூப்ஸ் பற்றி எழுதியதைப் படியுங்கள். டொமைனை மட்டுமாவது காசு கொடுத்து, குழுவின் பேரில் வாங்குங்கள்.

ஒரு கட்சிக்காரர் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் வாடகை) செலவு முழுக்க ஏத்துக்கறேன், முதல் பக்கத்தில் படம் மட்டும் போடுங்கங்கிறார்.

எங்கள் ஆலோசனை: வாங்காதீர்கள். குழுவுக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா வசூலித்துப் பாருங்கள். சின்னத் தளத்துக்கு ஆகும் செலவைப் பல குழுக்கள் பிரித்துக்கொண்டால் தலைக்குப் பெரிதாக வராது.

ஒரு நாள் எங்களால் நடத்த முடியாமல் போனால் என்ன செய்வது? (வாசகர் வட்டம், நாகர்கோவில்)

இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். ஆரம்பிக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய விஷயம் இது. மூன்று பிரதி, அவற்றை இரண்டு வகை இடத்தில், ஒன்று வேறு ஊரில், இப்படி பேக்அப் எப்போதும் இருக்கட்டும். எங்களுடையது ஒன்று ஹோஸ்டிங்கில், ஒன்று அலுவலக ஹார்ட் டிஸ்கில், ஒன்று பக்கத்து மாவட்டத்துக் குழுவிடம். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற காப்பகத்தில் முக்கியப் பக்கங்களை நீங்களே கொடுத்துச் சேமித்து வையுங்கள். மூடுவது என்று முடிவானால் ஆறு மாதம் முன்பே அறிவிப்பு, எந்தக் குழு கேட்கிறதோ அதற்கு முழுப் பிரதி. தளம் மூடிய பிறகும் டொமைனை இரண்டு வருடம் புதுப்பித்து, "இப்போது இங்கே பாருங்கள்" என்ற ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருங்கள். அதற்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏரி, கண்மாய், குளம் சொற்கள் அனுப்புகிறவர்கள் வட்டத்தின் (தாலுகா) பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இதுவரை 40 சொற்கள் வந்திருக்கின்றன, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து இன்னும் ஒருவரும் எழுதவில்லை.